மேல்காட்டிலிருந்து கூப்பிடுகிறவர்

வேங்கைப்பட்டி, எடப்புளி நாடு,
கொல்லிமலை.
8 ஜூன் 2025

சுமித்ரா கண்ணுக்கு அம்மாயி கண்ணாயி எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமன் மகன் கவின் பத்தாம் வகுப்பில் நானூற்று ஐம்பத்தொன்று வாங்கிப் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலாவது வந்தது வாத்தியார் மகள். வாத்தியார் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் இவன்தான் முதல் என்று நான் வைத்துக்கொண்டேன். அவன் அண்ணன் யுவராஜைக் கரண்டு ஆபீசில் பயிற்சிக்கு எடுத்துவிட்டார்கள். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு எனக்குக் கையாட்டுகிறான், கீழே எனக்குத்தான் கால் நடுங்குகிறது. உன் தங்கை சங்கீதா நர்சிங் மூன்றாம் வருஷம். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாதாம். பிறகு நீ. நம் எடப்புளி நாட்டிலேயே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் பெண் பிள்ளை. "மருந்து எழுதித் தர்ற டாக்டர் இல்லீங்க, நோயவே பாடமாப் படிக்கிற டாக்டர்" என்று போஸ்ட்மேனிடம் சொன்னேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கேட்டார்.

இத்தனை பெருமை இருந்தும் உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. போனில் நீ பேசினால் எனக்குத் தகர டப்பாவில் கல் உருளுகிற மாதிரிதான் கேட்கிறது. என் காது போனதை நீயும் அறிவாய். அஞ்சாம் வகுப்புவரை படித்தவள் நான், கடிதம் எழுது, படித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா அம்சவேணிக்கு விரல் மூட்டு வீக்கம் குறையவில்லை. காலையில் எழுந்ததும் கையை மடக்க முடியவில்லை, தலைக்கு நான்தான் பின்னிவிடுகிறேன். சேலம் ஆஸ்பத்திரியில் புது ஊசி போடலாம் என்றிருக்கிறார்கள். நம் உடம்பின் காவலே நம் மூட்டைத் தாக்குகிறதாம். இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நம் பட்டியின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். காட்டுப்பன்றி இறங்கினாலோ ஆள் விழுந்துவிட்டாலோ காட்டில் இருக்கிறவர் கூப்பாடு போடுவார். கேட்டவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி கம்போடு ஓடுவார்கள். வேலை முடிந்ததும் கூப்பாடு போட்டவரே "ஆச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதுவரை வந்தவர்கள் திரும்ப மாட்டார்கள், இன்னும் ஆள் வந்துகொண்டே இருக்கும். உன் அப்புச்சி ஆறு வருஷத்துக்கு முன்னால் மேல்காட்டில் ரத்தவாந்தி எடுத்துக் கூப்பாடு போட்டார். ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டு போனோம், பிணமாகத்தான் திரும்பினார். "ஆச்சு" சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. அப்படி ஆனால் பெண்டாட்டி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் மேல்காட்டுப் பாறையில் நின்று நான் சொன்னேன்.

ஆனால் கூப்பாடு நிற்கவில்லை, கண்ணு. ஆறு வருஷமாக, பொழுது சாய்கிற நேரத்தில் மேல்காட்டிலிருந்து அவர் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது, அதனால் தினமும் ஏறிப் போகிறேன். அங்கே மிளகுக் கொடியும் மூடுபனியும்தான். பக்கத்துக் காட்டு ராசு என்னைத் திட்டுகிறான். "ஏனுங்க அத்தை, எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. உங்களுக்கு எதுக்க நின்னு பேசுனாவே கேக்காது!" என்கிறான். ஆனால் அவன் நாய் அந்த நேரத்தில் எழுந்து மேல்காட்டைப் பார்த்து நிற்கிறது.

காரியத்தில் நான் எதை விட்டேன்? படித்தவள் நீ சொல்.

அம்மாயி


சென்னை
24 ஜூன் 2025

அம்மாயிக்கு,

கவினுக்கும் யுவராஜுக்கும் என் வாழ்த்து. இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்புச்சிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது, புற்றுக்கட்டியிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு சதையை ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறார்கள். அதற்குப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அந்தச் சதையின் செல்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத உயிர்த் துணுக்குகள், கண்ணாடித் தட்டில் பிழைத்துக்கொண்டன. பிழைத்தவை பெருகின. இன்றும் உயிரோடு இருக்கின்றன. நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில்.

எனக்கு இது தெரியாது, அம்மாயி. செல்களுக்கு எங்களிடம் பெயர் கிடையாது, எண்தான். மூன்று வருஷமாக ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பத்தொன்றாம் எண் தட்டுக்கு இளஞ்சிவப்புத் திரவம் மாற்றி உணவு கொடுக்கிறவள் நான். உடம்புச் சூடு மாறாத பெட்டியில் வைத்து மூடுகிறவளும் நான். ஏப்ரலில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கடிதம் அனுப்பப் பட்டியல் கொடுத்தார்கள். நாற்பத்தொன்றுக்கு நேரே "வேங்கைப்பட்டி, எடப்புளி நாடு" என்று இருந்தது. நம் வீட்டு முகவரியை என் கையாலேயே தட்டச்சு செய்தேன்.

அந்தக் கடிதமும் படிவமும் உங்களுக்குத் தனியாக வரும். செல்களை இன்னும் சில கூடங்களுக்குக் கொடுத்து மருந்துகளைச் சோதிக்க வேண்டுமானால், நெருங்கிய உறவு புதிதாகச் சம்மதிக்க வேண்டும். செப்டம்பர் முப்பதுக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். என் நான்கு வருஷப் படிப்பு நாற்பத்தொன்றின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் போட வேண்டாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உடம்பில் காயம் பட்டால் வெள்ளை அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும். குரலால் அல்ல, சின்னச் சின்னப் புரதத் துளிகளை அனுப்பி. இன்டர்லூக்கின் என்று பெயர். முப்பதுக்கு மேல் உண்டு, எல்லாவற்றுக்கும் எண். ஒன்றாம் எண் கூப்பாட்டைத் தொடங்கும், எட்டாம் எண் ஆட்களை இழுத்து வரும், ஆறாம் எண் காய்ச்சலை மூட்டும். பத்தாம் எண்தான் நம் பட்டியில் சொல்வதுபோல "ஆச்சு" சொல்லும்.

எங்களிடம் உள்ள எல்லாத் தட்டுகளிலும் ஆறாம் எண்ணை அதிகம் வெளியிடுவது நாற்பத்தொன்றுதான். மற்றவற்றைவிடப் பல மடங்கு. கூடத்தில் அதற்கு நாங்கள் வைத்த கேலிப் பெயர் "சத்தக்காரர்".

சுமித்ரா


வேங்கைப்பட்டி
3 ஜூலை 2025

சுமித்ராவுக்கு.

படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். மூன்றாம் தடவை எடுக்கக் கை வரவில்லை.

அந்தப் படிவங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிள்ளை படித்துக் காட்டுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தது. வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு இருந்தார்கள். நான் தாளைப் பிடுங்கினேன். "எனக்கே படிக்கத் தெரியும் சாமி, பேனாவக் குடு" என்றேன். எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன், சின்ன எழுத்து ஒன்றையும் படிக்கவில்லை. என் பெயரை எழுதுகிற சுகத்தில் என் புருஷனை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாறையில் நின்று நான் "ஆச்சு" சொன்ன அன்று அவர் உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்கிறார். முடியாத ஆளுக்கு முடித்து வைத்திருக்கிறேன். அப்புறம் எப்படி நிற்கும்?

கையெழுத்துப் போட மாட்டேன். அழித்துவிடு. மூன்று வருஷம் சோறு போட்டாயாம், யாருக்கு என்று தெரியாமல்! பேத்தி பேத்தி என்று போஸ்ட்மேன் வரைக்கும் பீற்றிக்கொண்டேன். இன்றைக்கு அவர் உங்கள் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு இனி எழுதாதே.

கண்ணாயி


சென்னை
20 ஜூலை 2025

அம்மாயிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன், கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் சொன்னபடியே நடக்கும். செப்டம்பர் முப்பதுவரை நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அழிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். அது மட்டும் என்னால் முடியும்.

ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்புச்சிக்கு வயிற்றுப்புண் எத்தனை வருஷம் இருந்தது? எனக்கு நினைவு தெரிந்த நாளாகச் சோற்றுக்குப் பின்னால் சோடா உப்புக் கரைத்துக் குடிப்பார். அந்தப் புண்ணில் கூப்பாடு நிற்கவே இல்லை. தினமும் ஆட்கள் ஓடிவந்தார்கள், சிதைத்தார்கள், திரும்பக் கட்டினார்கள். இருபது வருஷம் இடித்து இடித்துக் கட்டினால் ஒரு சுவராவது கோணலாகும். அந்தக் கோணல் செல்தான் புற்று. அது ஒரு காரியம் கற்றுக்கொண்டது. கூப்பாடு போடக் கற்றுக்கொண்டது. தான் போட்ட கூப்பாட்டைத் தானே கேட்டு வளர்ந்தது. உதவிக்கு ஓடிவந்த அணுக்களையே தனக்குக் காவலாக நிறுத்திவைத்துக்கொண்டது.

அம்மாவின் விரல்களிலும் அதே ஆறாம் எண்தான். அங்கே புற்று இல்லை, புண்கூட இல்லை. ஒன்றுமில்லாத இடத்துக்கு யாரோ கூப்பிடுகிறார்கள், காவல் ஓடிவந்து மூட்டை அடிக்கிறது. அம்மாவுக்குப் போடப்போகும் ஊசி அந்தக் கூப்பாட்டைக் கேட்கும் காதை அடைக்கும். இதுபோன்ற மருந்துகளை மனிதருக்குப் போடுவதற்கு முன்னால் தட்டுச் செல்களில் சோதித்துப் பார்ப்பார்கள். யாரோ ஒருவருடைய அப்புச்சி, யாரோ ஒருவருடைய அம்மா.

ஊசி போட்டபின் ஒரு எச்சரிக்கை. காது அடைபட்டிருப்பதால் உண்மையான ஆபத்து வந்தாலும் உடம்பு கேட்காது. புண் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன். குக்கர் விசில் உங்களுக்குக் கேட்காது. யுவராஜ் பைக் பக்கத்தில் வந்து நின்றால் தெரியாது. மேல்காடு அரை மைல் மேலே இருக்கிறது. எப்படிக் கேட்கிறது?

சுமித்ரா


வேங்கைப்பட்டி
5 ஆகஸ்ட் 2025

சுமித்ராவுக்கு.

உன் அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. பத்தாம் நாள் காலையில் பார்க்கிறேன், அவளே தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னம்மா மொறைக்கிறீங்க, பூ இருந்தாக் கொண்டாங்க" என்றாள். நான் ஓடிப்போய்ப் பறித்து வந்தேன். அதற்காக உன்மேல் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே.

கேட்பதைப் பற்றிக் கேட்டாய். காதால் கேட்கிறது என்று நான் எழுதினேனா? அடுப்பில் ஏதாவது இருக்கும், இல்லை உலர்ந்த மிளகை முறத்தில் புடைத்துக்கொண்டிருப்பேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு வரும். உன் அம்மா பாலுக்கு அழுத காலத்தில் மார்பு கனக்குமே, அப்படி. அப்போது வெளியே பார்த்தால் ராசுவின் நாய் எழுந்து நிற்கும். கம்பை எடுத்துக்கொண்டு நான் கிளம்புவேன். மேலே போய் "வந்துட்டனுங்க" என்பேன். பதில் இராது. பனி மட்டும் கொடிகளுக்கு நடுவே யாரோ விலகிப் போன மாதிரி அசையும்.

இனி நான் கேட்பவற்றுக்கு ஒன்றுவிடாமல் பதில் எழுது. பட்டணத்துப் பேச்சு வேண்டாம்.

அவருக்கு வலி இருக்கிறதா?

அந்தப் பெட்டியில் வெளிச்சம் உண்டா, இருட்டா?

உன்னைத் தெரிகிறதா அவருக்கு?

இதுதான் கடைசி. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தட்டில் உயிரோடு இருப்பது அவரா, இல்லை அவரைத் தின்றதா? அவராக இருந்தால் அழிக்க நான் யார்? அவரைத் தின்றது என்றால், அது அவர் குரலில் என்னை ஆறு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறதா? நான் தினமும் மேடேறிப் போவது எதனிடம்?

கண்ணாயி


சென்னை
14 ஆகஸ்ட் 2025

அம்மாயிக்கு,

பதில்கள்.

வலி இல்லை. வலியை அறிய நரம்பு வேண்டும், தட்டில் நரம்பு இல்லை.

இருட்டுதான். கதவைத் திறக்கும்போது மட்டும் வெளிச்சம்.

என்னைத் தெரியாது. ஆனால் திரவத்தை மாற்ற நான் ஒருநாள் தாமதித்தால் செல்கள் சுருண்டு தட்டின் தரையை விட்டு எழும்பிவிடும். அதைப் பசி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒருநாளும் தாமதித்ததில்லை.

கடைசிக் கேள்வியை என் பேராசிரியரிடமே கேட்டேன், யாருடையது என்று சொல்லாமல். "ரெண்டுக்கும் பிரிவு இருந்தா நாம எப்பவோ குணப்படுத்தியிருப்போம்" என்றார். அந்தச் செல்லுக்குள் எழுதியிருப்பது முழுக்க அப்புச்சிதான். சுருட்டை முடியும், குட்டைக் கட்டைவிரலும், எனக்கு அவரிடமிருந்து வந்த மூக்கும் அதற்குள் இருக்கின்றன. அவரைத் தின்றதும் அதுதான். அவரில் இருந்தே கிளம்பி, அவர் எழுத்திலேயே கூப்பிட்டு, அவரைத் தின்றது. பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அம்மாயி. தெரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் ஒரு சோதனை தொடங்குகிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.

சுமித்ரா


வேங்கைப்பட்டி
21 ஆகஸ்ட் 2025

கண்ணு,

நின்றுவிட்டது.

திங்கட்கிழமை பொழுது சாய்ந்தது. கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை. ராசுவின் நாய் காலை நீட்டிப் படுத்தே இருந்தது. செவ்வாயும் இல்லை, நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆறு வருஷத்தில் இப்படி ஒருநாள்கூட இருந்ததில்லை.

மூன்று நாள் சுகமாகத் தூங்கினேன். உன் அம்மாவும் நன்றாக இருக்கிறாள், காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை, நெற்றி வெள்ளரிக்காய் மாதிரி குளுகுளு என்று இருக்கிறது. பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் வாசலூர்பட்டி சந்தையில் வாங்கிய வறுகடலையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ராசு எட்டிப் பார்த்து, "என்னங்க அத்தை, இன்னைக்கு மாமனுக்கு லீவுங்களா?" என்கிறான்.

சிரித்தேன். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஊர் இத்தனை நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் காது போனது எனக்கே இந்த மூன்று நாளில்தான் முழுசாகத் தெரிகிறது.

செப்டம்பர் முப்பது வருமுன் நீயாக அழித்துவிட்டாயா? அப்படியானால் ஒரு வரி எழுது. திட்ட மாட்டேன்.

அம்மாயி


சென்னை
23 ஆகஸ்ட் 2025

அம்மாயிக்கு,

சொன்னேனே, அந்தச் சோதனை முடிந்தது. உங்களிடம் மறைத்தது போதும், அதனால் இதையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாற்பத்தொன்றாம் தட்டில் ஒரு மருந்து ஊற்றினேன். அம்மாவுக்குப் போட்டது காதை அடைக்கும் மருந்து. இது வாயைப் பொத்தும் மருந்து. செல் ஆறாம் எண்ணை வெளியே விட விட, அதைப் பிடித்துக் கட்டிவிடும். தினமும் மாலை அளந்து பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நான்கு நாளும் பூஜ்யம். சத்தக்காரர் முதல் தடவையாக வாய் மூடினார். கூடத்தில் எல்லாரும் கை கொடுத்தார்கள்.

செல்கள் சாகவில்லை. ஆனால் பெருகவில்லை. அசையாமல் படுத்துக் கிடந்தன. நல்ல முடிவு இது, என் படிப்புக்கு இதுதான் வேண்டும். ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம் மருந்தைக் கழுவிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினேன். மாலை ஐந்தரைக்கு அளந்தேன். மறுபடி தொடங்கிவிட்டது, முன்னைவிட உரக்க.

சுமித்ரா


சென்னை
26 ஆகஸ்ட் 2025

அம்மாயி,

உங்கள் இருபத்தொன்றாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. என்னுடையது உங்களுக்கு நாளை கிடைக்கும், இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

திங்கட்கிழமை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. போனிலும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. தற்செயல் என்று இருபது தடவை சொல்லிக்கொண்டேன். அறிவியல் படித்தவள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இன்று காலை பெட்டியைத் திறக்கக் கை கூசியது. திறந்ததும், என்னை அறியாமல், "வந்துட்டன் அப்புச்சி" என்றேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அங்கே என்ன நடந்தது? தயவுசெய்து எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சுமித்ரா


வேங்கைப்பட்டி
7 செப்டம்பர் 2025

சுமித்ரா கண்ணுக்கு அம்மாயி.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஆஸ்பத்திரி. பயப்படாதே, உன் அம்மா என் பக்கத்தில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன்பே வந்துவிட்டது. வயிற்றைப் பிடுங்குகிற மாதிரி, அவர் விழுந்த அன்றைக்கு வந்ததே, அதே மாதிரி. நாய் எழுந்து நிற்கவில்லை, நேராக மேல்காட்டை நோக்கி ஓடியது. நான் கடலையைக் கீழே கொட்டிவிட்டுக் கிளம்பினேன். உன் அம்மா, "இருங்கம்மா, நானும் வாரேன், இப்பத்தான் கைகாலு நல்லாருக்குதே" என்று செருப்புக்கூடப் போடாமல் கூட வந்தாள். கல்யாணத்துக்குப் பின் அவள் அந்த மேடு ஏறியதில்லை.

பாறை மேல் நின்று "வந்துட்டனுங்க" என்றேன். பனி அசைந்தது. ஒன்றுமில்லை. திரும்பும்போது பாறையைப் பார்த்தேன். ஈரத்தில் அவள் கால் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. இடது கால் தடத்தில் மட்டும் சீழும் ரத்தமும்.

"கால்ல என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லையே. போன வாரம் காட்டுல குச்சிக்கிழங்குச் செடி வெட்டுன கட்டை குத்துச்சு. வலிக்கவே இல்லீங்கம்மா" என்றாள்.

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் பச்சையாகக் கிடந்தது. நெற்றி குளுகுளு என்று இருந்தது. நீ எழுதியிருந்தாய், கண்ணு. உண்மையான ஆபத்து வந்தாலும் உடம்பு கேட்காது என்று. படித்தேன், மடித்து வைத்தேன், மறந்தேன். ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவளுக்குச் சத்தமே இல்லாத நாள் சுகமாகத்தான் தெரியும்.

ராசு தூக்கிக்கொண்டு வந்தான், ஜீப்பில் கீழே இறக்கினோம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் காலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். சீழை எடுத்து மருந்து ஏற்றி, ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள். "காய்ச்சல் இல்லாம எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? "அவங்கப்பா கூப்புட்டாருங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ மருந்தைக் கழுவியது வெள்ளி மதியம். கழுவாமல் விட்டிருந்தால் நாங்கள் அந்த மேடு ஏறியிருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் உங்கள் படிவத்தைப் படித்தேன். ஆறு பக்கம். இந்தத் தடவை ஒரு எழுத்து விடவில்லை. புரியாததைச் சங்கீதாவிடம் கேட்டேன், வெட்கப்படவில்லை. நாலாம் பக்கத்தில், குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அது எனக்குப் போதும். கையெழுத்துப் போட்டு இத்தோடு வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில்தான் போடச் சொல்லியிருந்தது, ஒரே இடத்தில்தான் போட்டேன்.

அவரா, அவரைத் தின்றதா என்று கேட்டேன். உனக்கும் தெரியவில்லை, உன் பேராசிரியருக்கும் தெரியவில்லை. நாற்பத்துநாலு வருஷம் கூட இருந்தவள் சொல்கிறேன், இரண்டும்தான். உயிரோடு இருந்தபோதும் அவர் ஒரு தடவை கூப்பிட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். காப்பிக்குக் கூப்பிடுவார், வெற்றிலைக்குக் கூப்பிடுவார், காணாமல் போன துண்டு தோளில் கிடக்கும்போதே துண்டுக்குக் கூப்பிடுவார். என் இளமையில் பாதியை அந்தக் கூப்பாடு தின்றுவிட்டது. அதற்காக அவர் வேறு ஆள் என்று நான் சொல்லிவிட்டேனா?

மற்றக் கூடங்களுக்கு அவரைக் கொடுப்பதானால் கொடு. ஆனால் உங்கள் கூடத்துத் தட்டுக்கு நீயே சோறு போடு, ஒருநாளும் தாமதிக்காதே. வாயைப் பொத்தும் மருந்தை ஊற்றுவதானால் முன்கூட்டியே எனக்கு எழுது. அந்த நாட்களில் உன் அம்மாவின் உடம்பை உச்சி முதல் பாதம்வரை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு காரியம். வீட்டில் மாட்டியிருக்கும் அவர் படம் ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணியது. அதில் அவருக்கு ஐம்பது வயது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பொட்டு வைத்து மாலை போட்டு ஆறு வருஷமாக அதைக் கும்பிட்டேன். நேற்று மாலையைக் கழற்றிவிட்டேன். உயிரோடு இருக்கிற ஆளுக்கு மாலை போடக் கூடாது. பொட்டையும் துடைத்துப் படத்தை ஆணியிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஆணி சும்மா இருக்கிறது. உன் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்ப்பாயே, அதில் அவரை இப்போது இருக்கிறபடி புதுசாக ஒரு படம் எடுத்து, போனில் அனுப்பாமல், கழுவித் தபாலில் போடு. ஐந்தரை மணிக்கு எடு, அவர் கூப்பிடுகிற நேரத்தில்.

அம்மாயி
கண்ணாயி